துரைமார் கிளப்பில் எனக்கு வைத்த பேர்

கிளப்பில் விஸ்கி ஊற்றிக் கொடுக்கிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது, காது மந்தமாக இருக்கக் கூடாது, ரோஷம் மட்டும் மருந்துக்கும் இருக்கக் கூடாது. பங்களாவில் சமையல் பார்த்தவர்கள், கடையில் எடுபிடியாக நின்றவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்த கதைதான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பில் நான் சேர்ந்தபோது எனக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. வீட்டில் கல்யாண வயதில் மகள் பார்வதி. அவளுக்கு நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மகனைப் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத்து ஆட்களைக் கட்டி மேய்க்கிற கங்காணி என்றால் லேசுப்பட்ட ஆளா? கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட தடி. கிளப்பில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவர் காதுக்கு எட்டினால் சம்பந்தம் நின்றுவிடும் என்று எனக்கு ஓயாத பயம்.

"போய்" என்று கூப்பிடுவார்கள். இங்கிலீஷில் பொடிப்பயல் என்று அர்த்தம்.

சேர்ந்த அன்று

கிளப்பைப் பார்த்துக்கொண்ட துரை என் பேரைக் கேட்டார். முத்தையா என்றேன். வாயில் போட்டு மென்று பார்த்தார், சரிவரவில்லை, விட்டுவிட்டார். எனக்கு முன்னாலேயே அங்கே ஜோசப் அண்ணன் வேலை பார்த்தார். மீசை பஞ்சாக நரைத்த, பேரன் பேத்தி எடுத்த மனுஷன். அவரும் "போய்"தான். ரெண்டு பேருக்கும் ஒரே கூப்பாடு என்றால் யார் ஓடுவது என்று கேட்டேன். அவர் கிளாசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கிட்ட நிக்கிறவன் ஓடணும். ரெண்டு பேரும் தூரமா நின்னா ரெண்டு பேரும் ஓடணும்."

தோளில் கை போட்டால்

அவர்களுக்குள்ளேயும் அதே வார்த்தைதான். தலை ஆடுகிற கிழட்டுத் துரைகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டுக்கொண்டு "ஓல்ட் போய்" என்பார்கள். ஒரு துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறும் முன் நடந்த விருந்தில், இன்னொருவர் அப்படிச் சொல்லிச் சொல்லி அழுதார். கண்ணைத் துடைக்க நான்தான் துண்டு நீட்டினேன். பாவமாகத்தான் இருந்தது. துண்டைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்த்து, தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்: "போய், ஏன் சும்மா நிக்குது? ஐஸ் கொண்டா."

முதுகுக்குப் பின்னால் ஒரு பாராட்டு

ஒரு நாள் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து "குட் போய்" என்று ஒரு குரல், அவ்வளவு பிரியமாக. அந்தக் கிளப்பில் யாரும் என்னை அப்படி மெச்சியதில்லை. சந்தோஷத்தோடு திரும்பிச் சலாம் போட்டேன். துரை கீழே குனிந்து நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என் சலாமைப் பார்த்தார். "உனக்கு இல்லே. நாய்க்குச் சொன்னது."

நம்ம ஆள்

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பெரிய துரைக்கு அடுத்த சின்னத்துரையாக ஒரு தோட்டத்துக்கு வந்து, கிளப்பிலும் சேர்ந்தார். தமிழன் வந்துவிட்டான், இனி நமக்கும் பேர் உண்டு என்று ஜோசப் அண்ணனும் நானும் பூரித்தோம். வந்த மனுஷன் சுற்றிலும் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாத சத்தத்தில் "போய்" என்றார். பிறகு பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவங்கள் முன்னால நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, என்னையும் உங்களோட சேர்த்துப் போடுவாங்கள்."

கங்காணி வந்த சாயங்காலம்

பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தி, வெற்றிலை மாற்ற நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில், நல்ல மழையில், கங்காணி கிளப்பின் பின்வாசலில் வந்து நின்றார். தோட்டத்துப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனதாம். துரைக்குத் தகவல் சொல்ல வந்திருக்கிறார். நான் தட்டும் கையுமாக எதிரே நின்றேன். உள்ளேயிருந்து யாரோ என்னை "போய்" என்று கூப்பிடவும் செய்தார்கள். கங்காணி சிரித்தார். "எனக்கு எப்பவோ தெரியுங்க. நம்ம பொழப்பு அப்படி, அதுக்கு என்ன செய்ய" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கா இத்தனை நாளும் பயந்தேன் என்று இருந்தது.

உள்ளே அவருடைய துரை சீட்டாடிக்கொண்டிருந்தார். கங்காணி வந்திருப்பதைச் சொன்னேன். துரை கழுத்தைத் திருப்பி, பின்வாசல் வழியாக அவரைப் பார்த்தார். "போய், அந்த போயை அங்கேயே நிக்கச் சொல்லு" என்று சத்தமாகச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கே கேட்டுவிட்டது. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூரைத் தண்ணீர் நரைத்த தலையில் சொட்டச் சொட்ட, ஆட்டம் முடியும்வரை நின்றார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. துரையிடம் தகவலைச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே படியிறங்கினார்.

சில நாளில் கல்யாணத் தரகர் வேலு வந்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம். பொருந்திய ஜாதகம் எப்படி ஐயா பிரிந்தது என்று விடாமல் கேட்டேன். பார்வதி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரிந்தும் கேட்டேன், அவ்வளவு ஆத்திரம். வேலு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "உங்க வேலையப் பத்தி அவருக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அவரு நின்ன நெலமைய நீங்க பாத்துட்டீங்களே, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க வீட்டுல வந்து ஒக்காருவாரு?"

ஒரே பேருள்ளவர்கள் ஊரில் ஒருத்தருக்கொருத்தர் தனிப் பிரியமாக இருப்பார்கள், எங்கள் ரெண்டு பேருக்கும் துரை ஒரே பேர் வைத்த அன்றோடு எங்கள் சம்பந்தம் முறிந்தது.