சப்பரத்து ஆம்ப்ளிஃபயரும் சரியும் கோடும்

மர்பி டவுனில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்தவை இவை: கல்யாண மண்டபங்களுக்கு ஆம்ப்ளிஃபயர், தையல் கடைகளுக்கு இன்வெர்ட்டர், சிவாஜிநகர் ஆட்டோக்காரர்களுக்கு பேட்டரி சார்ஜர், பிள்ளைகளுக்குப் படிப்பு, மாடி வைத்த வீடு. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டில் ஓடிய இன்வெர்ட்டரும் என்னுடையதுதான்.

கடைசியாகக் கை வைத்தது எங்கள் மாதா கோயில் சப்பரத்துக்கான ஆம்ப்ளிஃபயர். அதன் முகப்புத் தகட்டில் என் பெயர் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடத் திருவிழாவில் பழைய ஆம்ப்ளிஃபயர் பாதி ஜெபமாலையில் ஊமையாகிவிட்டது. புதிதாக ஒன்று செய்து தரும்படி பங்குச் சாமியார் என் மருமகளிடம் கேட்டார். அவள் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். சாப்பாட்டு மேசையில் பவர் டிரான்சிஸ்டரின் டேட்டா ஷீட்டை விரித்தாள். முதல் பக்கத்து எண்களை அப்படியே நம்புகிறவள் இல்லை. உச்ச வோல்ட்டேஜும் உச்ச கரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. வோல்ட்டேஜ் ஏற ஏறத் தாங்கும் கரண்ட் குறையும். அதைக் காட்டும் கோட்டுக்குள் தன் சர்க்யூட் அடங்குகிறதா என்று பார்த்தாள். அடங்கியது. சர்க்யூட்டின் ஒரு புறத்துக்கு இரண்டு டிரான்சிஸ்டர் போதும் என்றாள். அந்தக் கணக்கில் தப்பில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். கோடு அப்படியில்லை, எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே தரையைத் தொடுகிறது என்று பார்த்தால் விஷயம் வந்துவிடும். நான் அடுத்த படத்தில் விரல் வைத்தேன். அது சூட்டுக்கான கோடு. இருபத்தைந்து டிகிரியில் முழு வாட் தாங்கும். அதற்குமேல் சூடு ஏறினால் கோடு நேராகக் கீழே சரிகிறது.

“இந்தப் பெட்டி எங்க இருக்கப்போவுது, தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

“சப்பரத்துக்கு அடியில, மாமா. நல்லா காத்து வரும்.”

அவள் மைசூரில் வளர்ந்தவள். எங்கள் சப்பரத்துக்கு முன்னால் நடந்திருக்கிறாள், அடியில் குனிந்து பார்த்ததில்லை. மாதா சப்பரத்தில் வயரும் பெட்டியும் தெரிவது எங்கள் பெண்களுக்குப் பிடிக்காது. ஊர்வலத்துக்கு முன்னால் சுற்றிலும் நீல சாட்டின் துணி அடித்து, அதன்மேல் பூச்சரத்தை நெருக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே காற்று ஏது? அதைச் சொன்னேன்.

“துணிய எடுக்கச் சொல்லலாமே, மாமா.”

“சாமியாரே கேட்டுப் பார்த்துட்டாரு. டிரான்சிஸ்டர கூட்டுறது சுலபம்.”

சிரித்துவிட்டு, நூறு டிகிரியில் கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். ஒரு புறத்துக்கு நான்கு என்று மாற்றினாள்.

இந்த வருடம் சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை ஜெபமாலைச் சத்தம் குறையவில்லை. சாட்டினுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். டிரான்சிஸ்டர்களின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை. இரண்டோடு விட்டிருந்தால் மறுபடியும் ஊமைதான்.

தகட்டில் ‘வடிவமைப்பு’ என்று அவள் பெயர் மட்டும் இருக்கிறது. கோயில் கமிட்டி பொறித்தது, அவள் கேட்கவில்லை. அவள் பெயர் இருக்கட்டும், சர்க்யூட் அவளுடையது. சரியும் கோட்டைக் காட்டியவன் நான். அடுத்த திருவிழாவுக்குத் துணி அடிப்பதற்கு முன் என் பெயரையும் பொறிக்க வேண்டும். துணிக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறது கமிட்டி. யாரும் பார்க்க வேண்டாம். இருக்க வேண்டும்.