சாவி இருந்த இடம்

டேப்பு அக்காவுக்கு ஆராய்ச்சிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. ஆகாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

போலியோ வந்த கால்களைத் தாங்கும் இரும்புக் காலிபர் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக அளவெடுக்கிறவர் அவர். அவருடைய இடது காலிலும் காலிபர்தான், தன் கையாலேயே செய்துகொண்டது. கழுத்தில் எப்போதும் அளவு டேப்பு தொங்கும், பட்டப்பெயர் அதனால் வந்தது. ஒரு நூல் பிசகினாலும் கால் புண்ணாகிவிடும் என்று ஒவ்வொரு காலையும் மூன்று முறை அளப்பார். யாராவது அவசரப்படுத்தினால், "அவசரம்னா ஆட்டோவுல போங்க, நடக்கணும்னா உக்காருங்க" என்பார்.

பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளர் ஆய்வு என்று ஒரு துறை புதிதாக முளைத்தது. மருத்துவம், சட்டம், சமூகவியல், கட்டடக்கலை எல்லாம் ஒன்றுகூடி ஊனத்தைப் பற்றி யோசிக்குமாம். குறையை உடம்பில் தேடாதே, படியிலும் கதவிலும் சட்டத்திலும் தேடு என்பதுதான் பாடம். நல்ல பாடம்தான், அக்காவுக்கே பிடித்திருந்தது. ஆனால் யோசிக்க ஆள் வேண்டுமே! வரிசையாகப் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். மருத்துவம் காலைப் பார்த்தது. சட்டம் சான்றிதழைப் பார்த்தது. கட்டடக்கலை கழிப்பறை வாசலை அளந்துகொண்டு போனது, அதுவும் தப்பாக.

கடைசியாக வந்தவள் சமூகவியல் மாணவி. தேனொழுகப் பேசுவாள். எட்டு மதியம் உட்கார்ந்து கேட்டாள். எட்டாவது மதியம், சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கால் அளக்க ஆள் வந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது. மாணவி நோட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆறு மாதத்தில் பத்திரிகை ஒன்றில் அவளுடைய ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அக்காவின் பெயரை மாற்றியிருந்தாள், வாஸ்தவம். காலிபர் பட்டறை, கழுத்தில் டேப்பு என்றெல்லாம் எழுதிய பிறகு பெயர் என்னத்துக்கு? 'ஊரார் கண்ணில் படாமல் மகளைப் பூட்டி வைத்த தாய். அவமானம் குடியிருந்த வீடு' என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார், பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

அம்மா மறுநாள் தட்டில் சோறு போட்டபோதுதான் கேட்டார்.

"உன்னப் பார்த்து நான் வெக்கப்பட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படி எழுதுவா?"

அன்றிலிருந்து வாசலில் யார் வந்து நின்றாலும் அம்மா உள்ளே போய்விடுகிறார். அக்கா மாணவிக்குப் போன் போட்டு, அந்த வரியை எடு என்றார்.

"அது என்னோட பார்வைக்கா. அம்மா மேல இருக்குற பாசத்துல உங்களுக்கு அது தெரியல. ஆய்வேட்டுல நாலாவது அத்தியாயமே அது மேலதான் நிக்குது."

"எது மேலயும் நிக்கட்டும். பொய்ய எடு."

எடுக்கவில்லை. அதனால் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்த நாளன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்காவே பல்கலைக்கழகத்துக்குப் போனார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. வாசலில் சாய்தளம் அருமையாகப் போட்டிருந்தார்கள், குறை சொல்ல முடியவில்லையே என்று அதுவும் ஒரு எரிச்சல்.

மாணவி திரையில் ஒரு பூட்டுப் படத்தைக் காட்டினாள். அது அந்த வீட்டுப் பூட்டே இல்லை. அரை மணி நேரம் பேசி முடித்ததும், யாருக்காவது கேள்வி உண்டா என்று பேராசிரியர் கடமைக்குக் கேட்டார். அக்கா எழுந்தார்.

"நான்தான் உங்க நாலாவது அத்தியாயம்."

மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒரே கேள்வி. எங்கம்மா கதவப் பூட்டினாங்கன்னு எழுதியிருக்கே. சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"அம்மாகிட்ட..."

"அப்படி நான் சொன்னேனா?"

மாணவி நோட்டைப் புரட்டினாள்.

"சாவி என்கிட்ட இருந்துச்சு. உள்தாழ்ப்பாள் உசரத்துல, எனக்கு எட்டாது. சும்மா சாத்திட்டுப் போனா கண்டவனும் உள்ள வருவான். அதனால வெளிய பூட்டிட்டு, ஜன்னல் வழியா சாவிய என் கையில குடுத்துட்டுப் போவாங்க. எனக்குப் பிடிச்சவங்க வந்தா நீட்டுவேன், அவங்க திறந்து என்னைத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. பிடிக்காதவங்க வெளியவே நிப்பாங்க. கதவப் பாரு, படியப் பாருன்னு பாடம் நடத்துறீங்களே, தாழ்ப்பாளை ஒருத்தராவது பார்த்தீங்களா?"

"இத நீங்க சொல்லவே இல்லையேக்கா!"

"நீ கேக்கவே இல்லையே!"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "முக்கியமான தகவல்மா. அடிக்குறிப்பா சேர்த்துடலாம்."

"பொய் மேல பெருசா இருக்கும், எங்கம்மா கீழ பொடி எழுத்துல இருப்பாங்களா?"

முதல் மதியமே மாணவி கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தின் நகலை அக்கா கைப்பையிலிருந்து எடுத்தார். பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அவர்களே அதில் அச்சடித்திருந்தார்கள்.

"நான் விலகிக்கிறேன். என் காலு, என் வீடு, என் அம்மா, ஒண்ணும் இதுல இருக்கக் கூடாது."

நாலு வருட உழைப்பு போச்சே என்று மாணவி அழுதாள். அக்காவுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இந்தக் கதையைச் சொல்கிறவரும் சொல்லமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னார். அம்மா சாவிக் கதையைக் கேட்டு லேசாகச் சிரித்தார், பல மாதத்துக்குப் பிறகு.

"பத்திரிகையில வந்ததையும் எடுத்துடுவாங்களா?"

"இனிமே எழுத மாட்டாங்கம்மா."

"படிச்சவங்க படிச்சதுதானே?"

அக்கா காலிபர் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பக்கத்து வீட்டு வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தமும், பிறகு உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டன.