கடலூரில் கரன்ட் இருக்கா?

புனேயில் இன்று மழை வருமா என்று ஜம்புவிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். கடலூரில் வருமா என்று கேட்டுவிட்டால் போச்சு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் திரும்பும் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுவார். புனேயின் தாபோடியில் அவர் இருந்த கட்டடத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. மாடியில் அப்பளம் காயப்போட வரும் மராட்டிக்கார மாமி ஷீலா காக்கூ, "காகா, ஆஜ் பாவூஸ்?" என்று வேண்டுமென்றே கேட்பாள். மழையா என்று கேட்கிறாளே, வானத்தைப் பார்த்துச் சொல்லலாம் அல்லவா? மாட்டார். ஃபோனை எடுத்து வங்கக் கடலைப் பார்ப்பார். காக்கூ சிரித்துக்கொண்டே அப்பளத்தைத் திருப்பிப் போடுவாள்.

வங்கக் கடலில் அவருக்கு என்ன அக்கறை என்றால், அதன் கரையில், கடலூரில், அவர் மனைவி ருக்மிணி இருந்தாள்.

ஜம்பு, வானவடியிலும் தாபோடியிலும் ராணுவக் குடியிருப்புகளில் மின்சாரப் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ருக்மிணி வங்கியில் வேலை பார்த்தவள். பிள்ளை குட்டி இல்லை. வேலை முடிந்த கையோடு அவள், "ஏன்னா, எனக்கு இந்த ஊர் போதும். கடலூர்ல அப்பா வீடு சும்மாத்தானே கிடக்கு, நான் போறேன்" என்றாள். "நீ முன்னாடி போ, ஆறு மாசத்துல வந்துடறேன்" என்றார் இவர். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இங்கே யார் வீட்டிலாவது மோட்டார் ஓடவில்லை என்பார்கள், கணபதி பந்தலுக்கு விளக்குக் கட்ட வேண்டும் என்பார்கள். கிளம்பாமலிருக்க ஒரு சாக்கு எப்போதும் கையில் இருந்தது. அவளும் ஒருமுறைக்கு மேல் கூப்பிடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். இவர்கள் சண்டையே போடவில்லை.

ஃபோனில் பேச்சு என்றால் அதுவும் தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. "சாப்பிட்டேளா?" "ஆச்சு." "வெச்சுடவா?" "சரி." தந்தி பாஷைதான்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் புயல் சின்னம் உருவானால் கதை வேறு. முதல் காற்றிலேயே அங்கே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த நிமிஷம் இங்கே ஃபோன் அடிக்கும். "ஏன்னா, கரன்ட் போயிடுத்து."

அவ்வளவுதான், ஜம்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மெயினை அணை என்பார். ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கு, டிவி ஒயரைக் கழற்று, ஈரச் சுவரைத் தொடாதே, தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கேட்டைத் தாண்டாதே. அவள் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு "ஆச்சு... ஆச்சு..." என்பாள். காற்று ஊளையிடுவது இவர் காதில் விழும். கடைசியில் எப்போதும் இதையே சொல்வார்: "இருட்டுல எழுந்து நடமாடாதே. உக்காந்த எடத்துலயே இரு. நான் லைன்ல இருக்கேன்." அப்புறம் இருவரும் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். வங்கி மேனேஜர் விக் வைத்த கதை, தாபோடியில் வியாழக்கிழமை தவறாமல் ரிப்பேர் வேலைக்கென்று மின்சாரத்தை நிறுத்துவது, அந்த நாளில் இவர்கள் மாடியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தது, எல்லாம் வரும். இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மனசுவிட்டுப் பேசியது புயலில்தான்.

அதனால் ஜம்பு புயலுக்குக் காத்திருந்தார். வெளியே சொல்லக்கூடிய ஆசையா இது? புயல் கரை ஏறினால் எத்தனை பேர் கூரை போகும், எத்தனை படகு உடையும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஆந்திராப் பக்கம் திசை திரும்பிவிட்டது என்று செய்தி வந்தால் அவருக்கு முகம் தொங்கிப்போகும். பிறகு தன்மேலேயே கோபம் வந்து, அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்.

ஒரு கோடையில் கடலூர் போனவர், சும்மா இருக்க முடியாமல் வீட்டு ஒயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். புனே ஃப்ளாட்டுகளில் இருப்பதுபோல ப்ளக் பாயின்டுகளையெல்லாம் சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், கண்ணில் படாமல் வைத்தார். இன்வெர்ட்டர் ஒன்றையும் வாங்கி மாடிப்படிக்கு அடியில் தரையில் வைத்தார். "இந்த ஊர்ல தண்ணி உள்ள வருமேன்னா" என்றாள் ருக்மிணி. "வாசப்படி இவ்வளவு உசரம் இருக்கு, எங்கேர்ந்து வரும்?" என்றார். வருஷக்கணக்காக மேட்டில் குடியிருந்தவருக்குத் தண்ணீர் எப்படி வீட்டுக்குள் வரும் என்பது கணக்கிலேயே இல்லை. பேட்டரியும் பெரியதாகப் பார்த்து வாங்கினார். ருக்குவுக்கு வியர்க்கக் கூடாதாம்.

அந்தக் கார்த்திகையில் ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. தாபோடியில் நல்ல வெயில்.

"ஏன்னா, கரன்ட் போயிடுத்து. தண்ணியும் உள்ள வந்துடுத்து."

"மெயினை அணைச்சியா?"

"முதல்லயே அணைச்சுட்டேன். ஃப்ரிட்ஜ் ப்ளக்கையும் எடுத்துட்டேன். கட்டில்மேல உக்காந்திருக்கேன். சமையல்ரூம்ல கேஸை மூடிட்டு வரலாம்னு இப்ப ஒரு காலை எறக்கினேன். சுருக்குன்னு ஏதோ இழுத்தது. தேளா இருக்குமோன்னு காலைத் தூக்கிண்டுட்டேன்."

ஜம்பு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவள் குரலுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

"ருக்கு, அது என்ன சத்தம்?"

"ஃபேன்தான். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கே, புழுங்கித் தள்றது. அதான் இன்வெர்ட்டர்ல ஓடறது."

மெயினை அணைத்தால் எல்லாம் அணைந்தது என்று வருஷாவருஷம் சொல்லிக் கொடுத்தது இவர்தான். அது இன்வெர்ட்டர் வருவதற்கு முன்னால் சொன்ன பாடம். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு வீடெல்லாம் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் என்று சொல்ல மறந்தார். அதைத் துண்டிக்கக் கைக்கெட்டும் உயரத்தில் தனி ஸ்விட்ச் வைக்கவும் மறந்தார். இப்போது கணுக்கால் உயர ப்ளக் பாயின்டுகள் தண்ணீருக்குள். அந்தத் தண்ணீர் அவளுடைய கட்டிலைச் சுற்றி நின்றது.

"ருக்கு, நான் சொல்றதக் கேளு. காலை மேல தூக்கிக்கோ. தேளும் இல்லை, பாம்பும் இல்லை, தண்ணியில கரன்ட் இருக்கு. என்ன ஆனாலும் எறங்காதே. சுவத்தைத் தொடாதே. எது மிதந்து போனாலும் போகட்டும்."

"எப்போ எறங்கறது?"

"தண்ணி இன்னும் ஏறும். இன்வெர்ட்டர் முழுகினா தானா செத்துப்போயிடும். ஃபேன் நிக்கும். அதுவரைக்கும்..."

"ஏன்னா, ஃபோன்ல சார்ஜ் இல்லை. சிவப்பு காட்டறது."

நான் லைனில் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே விழுங்கினார். இந்த ஒரு நாள் அதைச் சொல்ல முடியவில்லை.

"வெச்சுடு ருக்கு. ஃபேன் நின்னா மட்டும் கூப்பிடு."

அடுத்து எதிர்வீட்டு பாலச்சந்திரனை அழைத்தார். கடலூர்த் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர், உதவி என்றால் ஓடி வருகிற மனுஷர். அதுதான் இப்போது ஆபத்தாக இருந்தது.

"கவலப்படாதீங்க சார், உங்க வீட்டு கேட் பக்கத்துலதான் நிக்கறேன். உள்ள போய் அம்மாவத் தூக்கிட்டு வந்துடறேன்."

"போகாதீங்க! கேட்டுக்குள்ள காலே வெக்காதீங்க பாலச்சந்திரன்! உள்ள தண்ணியில கரன்ட் இருக்கு. நான் சொன்னப்புறம் போங்க. பின்னாடி தள்ளி நில்லுங்க."

அப்புறம் ஜம்புவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கைக்குத் தெரிந்த வேலை எதுவும் இங்கிருந்து கடலூர்வரை நீளாது. நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே அவருடைய ஃபேன் சுற்றியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்துபோய் நிறுத்தினார். வேலை பார்த்த காலமெல்லாம் நின்றுபோன ஃபேன்களை ஓடவைத்த மனுஷர், கடலூரில் ஓடும் ஒரு ஃபேன் நிற்க வேண்டும் என்று ஊரில் உள்ள சாமியையெல்லாம் கும்பிட்டார். ஆறு மாசத்தில் வருகிறேன் என்றவன் வந்து தொலைத்திருந்தால் இந்த நேரம் பக்கத்திலாவது இருந்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஷீலா காக்கூ வாசலில் வந்து நின்றாள். "காய் ஜாலா, காகா?"

என்ன ஆச்சு என்று சொல்ல அவருக்கு மராட்டியும் வரவில்லை, ஹிந்தியும் வரவில்லை. "பாணி... கர் மே பாணி... கரன்ட்" என்று, வீட்டில் தண்ணீர் என்பதைத் திக்கித் திக்கிச் சொன்னார். காக்கூவுக்கு எவ்வளவு புரிந்ததோ, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தது. புனே அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜம்பு ஃபோனை உள்ளங்கையில் வைத்தபடி இருந்தார்.

வெயில் சுவரைவிட்டு இறங்கிய பிறகு அது அடித்தது.

"ஏன்னா, ஃபேன் நின்னுடுத்து."

"எறங்காதே. பாலச்சந்திரன் வரார்."

அத்தோடு அவள் ஃபோன் உயிரை விட்டது. ஜம்பு சொன்ன பிறகு உள்ளே போன பாலச்சந்திரன் அவளை முதுகில் சுமந்து தன் வீட்டு மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஃபோன் செய்தபோது, ஜம்பு விக்கி அழுதார். மறுநாள் அவள் வேறொரு ஃபோனில் பேசினாள். நான் கிளம்பி வருகிறேன் என்றார்.

"இப்ப வந்து என்ன பண்ணப் போறேள்? ரயிலே ஓடலை" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

தண்ணீர் வடிந்ததும் ஜம்பு பாலச்சந்திரனை விடாமல் பிடித்துக்கொண்டார். ஆள் வைத்து ப்ளக் பாயின்டுகளையெல்லாம் இடுப்புக்கு மேலே ஏற்றச் சொன்னார். இன்வெர்ட்டரைச் சுவரில் உயரமாக ஸ்டாண்ட் அடித்து வைத்து, அதற்குத் தனி ஸ்விட்ச் போடச் சொன்னார். கொஞ்சம் மின்சாரம் தண்ணீரில் கசிந்தாலும் தானாக விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும் ட்ரிப் ஸ்விட்சுகளை மெயினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று மாட்டவைத்தார். வீடியோவில் ஒவ்வொரு திருகாணியையும் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டார். இனிமேல் புயலடித்தால் ருக்மிணி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தனக்கு இருந்த ஒரே வேலைக்குத் தானே உலை வைத்துவிட்டோம் என்று தெரிந்துதான் செய்தார்.

மறுவருஷம் ஐப்பசி பிறந்ததும் கடலில் சின்னம் உருவாயிற்று. கடலூரை நோக்கி வந்தது. மத்தியானமே அங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகச் செய்தி ஓடியது. ஜம்பு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை. காப்பி போட்டார், குடிக்காமல் ஆறவைத்தார். அடிக்கவில்லை. விளக்கேற்றும் நேரம் வந்தது. ட்யூப்லைட்டைப் போட்டார். மனசு கேட்காமல் தானே கூப்பிட்டார்.

"கடலூர்ல கரன்ட் இருக்கா?"

"ஊரெல்லாம் இல்லை. நம்மாத்துல இன்வெர்ட்டர் ஓடறது. தண்ணி வாசப்படிகூட ஏறலை."

"ஃப்ரிட்ஜ் ப்ளக்?"

"எடுத்தாச்சு."

"டிவி ஒயர்?"

"அதுவும் ஆச்சு. பாலச்சந்திரன் வந்து பார்த்துட்டும் போயிட்டார்."

கேள்வி தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் காற்று ஊளையிட்டது. இப்போது "வெச்சுடவா" என்பாள் என்று காத்திருந்தார். அவளும் எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது.

"அங்க கரன்ட் இருக்கா?" என்றாள்.

கடலூர் போன பிறகு அவள் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. ட்யூப்லைட் தலைக்கு மேலே பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

"இல்லை ருக்கு" என்றார் ஜம்பு. "போயிடுத்து."

"இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையே?"

அகப்பட்டுக்கொண்டார். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சரி" என்றாள் ருக்மிணி. "இருட்டுல எழுந்து நடமாடாதீங்கோ. உக்காந்த எடத்துலயே இருங்கோ. நான் லைன்ல இருக்கேன்."

ஜம்பு ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் மெல்ல எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.