யூதாஸுக்கும் ஒரு லைட்

சுவரில் பிளக் சற்றுச் சரிந்து பூட்டப்பட்டிருந்தாலும் அஞ்சலோவுக்கு அந்த வீட்டில் தேநீர் இறங்காது. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும், மூக்கில் குழாயோடு, கட்டிலுக்கு மேலிருந்த பிளக்கைக் காட்டி, “இதை ஆர் பூட்டினது?” என்று தாதியிடம் கேட்டவர் அவர். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தார். பின்னேரங்களில் அயலவர் வீடுகளில் பழுது பார்த்தார். திட்டிக்கொண்டே வருவார், திட்டிக்கொண்டே திருத்துவார், காசு கொடுத்தால் அதற்கும் திட்டுவார்.

அவரை எல்லாவற்றிலும் கூடுதலாக எரிச்சல்படுத்தியவை, மின்சாமான்களோடு வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள். ஆனால் ஒரு வருடம் அவர் தானே ஒரு பெட்டிக்காகக் காத்திருந்தார்.

பெரிய வெள்ளியன்று மாலை, கடலோரக் கோயில் வளவில் யேசுவின் திருப்பாடுகளின் காட்சி நடக்கும். மேடைக்கு வெளிச்சம் போடுவது அஞ்சலோ. கையிலிருந்தவை நான்கு ரியூப் லைட்கள் மட்டுமே. அவற்றைப் போட்டால் எல்லாமே தெரியும்: சிலுவையும் தெரியும், யேசுவைச் சிலுவையிலிருந்து இறக்க வேண்டிய சூசை வேஷக்காரர் தாடியைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருப்பதும் தெரியும். அணைத்தால் ஒன்றுமே தெரியாது. “ஒரேயொரு லைட். சிலுவையில மட்டும். மிச்சமெல்லாம் இருட்டு. அவர் தலை சாய்க்கிற நேரம் அது போதும்,” என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் பாதரிடம் சொல்வார். பாதர்கள் மாறினார்கள், ரியூப் லைட்கள் மாறவில்லை.

அஞ்சலோவின் மனைவி றோஸின் தமையன் பேணாட், கனடாவுக்குப் போகும்வரை இதே மேடையில், யேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டு மரத்தில் தூக்கிட்டுச் சாகும் யூதாஸாக நடித்தவர். அங்கே ஒரு நாடக மண்டபம் தன் பழைய மேடை விளக்குகளைக் கழித்தபோது, மூன்றை வாங்கிக் கப்பலில் அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

“மச்சான், அதில ஒண்டு யூதாஸுக்கு. நான் எத்தினை வருசம் அந்த மரத்தில இருட்டுக்குள்ள தொங்கினனான்! கண்டவன் ஒருத்தனும் இல்லை.”

“சரி மச்சான். ஒண்டு யூதாஸுக்கு.”

பெட்டி கோயிலுக்கு வந்து சேர்ந்த அன்று அஞ்சலோ வேலையில் நின்றார். அந்த வருடத்து யூதாஸான ஜக்சன், ஆட்டோ ஓட்டுகிறவன், பொறுக்க முடியாமல் பெட்டியை உடைத்துத் திறந்துவிட்டான். அஞ்சலோ கோயிலுக்குள் நுழைந்தபோது கருகல் மணம் அடித்தது.

“என்னடா செய்தனி?”

“கனடாப் பிளக்கு இங்கத்தைய ஓட்டைக்குள்ள போகேல்லை அண்ணை. கடையில ஒரு அடப்டர் வாங்கினனான். அதுவும் முரண்டு பிடிச்சுது. மேல் ஓட்டைக்குள்ள பேனையைக் குத்தினன், கீழ் ஓட்டை ரெண்டும் திறந்து வடிவாப் போச்சுது.”

“பிறகு?”

“பிறகு நல்ல வெளிச்சம் அண்ணை. சும்மா பகல் மாதிரி. ஒரு செக்கன்தான்.”

அஞ்சலோ தலையில் கைவைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் அமர்ந்தார். வாழ்நாள் முழுக்கச் சொன்னதை இன்னொரு முறை சொன்னார். “அடப்டர் பிளக்கின்ர வடிவத்தைத்தான் மாத்தும். கரண்டை மாத்தாது. அங்க நூற்றிருபது வோல்ட். இங்க இருநூற்றி முப்பது. விளங்குதோ?”

“அவ்வளவு பெரிய நாட்டில எங்களிலும் பாதிதானோ அண்ணை?” என்றான் ஜக்சன், உண்மையாகவே கவலைப்பட்டு.

வோல்டைக் குறைக்கும் பெட்டி நகரத்துக் கடையொன்றில் இருந்தது. மிக்சி சுற்றுவதற்கு அது காணும், மேடை விளக்குக்குக் காணாது. பெரியதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். பெரிய வாரம் தொடங்கிவிட்டிருந்தது. மிஞ்சிய இரண்டு விளக்குகளையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பதைத் தவிர அஞ்சலோவுக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்படிக் கோர்த்தால் இங்குள்ள வோல்டை இரண்டும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்றும் கருகாது. ஆனால் எரிந்தால் இரண்டும் எரியும், அணைந்தால் இரண்டும் அணையும்.

இரண்டையும் சிலுவைக்கே திருப்பிவிடலாம் என்று அவர் நினைத்ததை, அவர் வாய் திறக்கும் முன்பே றோஸ் கண்டுபிடித்துவிட்டார். “அண்ணை ஃபோனில பாத்துக்கொண்டிருப்பார். சொல்லிப்போட்டன்.”

பேணாட்டும் அழைத்தார். “ஒரு பல்ப் எரிஞ்சு போயிட்டுதாமே மச்சான். போனது யூதாஸின்ர எண்டு மட்டும் சொல்லிப்போடாதை.”

“யூதாஸுக்கு ஒண்டு போட்டால், யேசு சாகிற நேரம் அவன்ர பக்கமும் எரியும் மச்சான்! ஒண்டை விட்டு ஒண்டை எரிக்க ஏலாது!”

“எரியட்டுமே. உனக்கென்ன, கரண்ட் பில்லோ வருகுது?”

அஞ்சலோ ஃபோனைக் கட்டிலில் எறிந்தார். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வழி கண்டார். யூதாஸின் காட்சிக்கு இரண்டையும் போடுவது, பிறகு இரண்டையும் அணைப்பது. அந்த இருட்டில் ஜக்சன் தன்னைத் தாங்கும் இடுப்புப் பட்டியின் கொழுக்கியைக் கிளையிலிருந்து கழற்றிவிட்டு இறங்கி ஓடவேண்டும். மறுபடி போடும்போது ஒரு வெளிச்சம் சிலுவையில் விழும், மற்றது வெறும் மரத்தில். வெறும் மரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட கிடைத்தது.

“இறங்கினவுடன ஓடவேணும். விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

“என்ன விளங்கினது?”

“இறங்கினவுடன ஓடவேணும்.”

பெரிய வெள்ளியன்று வளவு நிறைந்துவிட்டது. யூதாஸ் தொங்கியபோது விளக்குகள் எரிந்தன. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. பேணாட்டின் நிபந்தனை நிறைவேறியது. அஞ்சலோ அணைத்தார். இருட்டில் சிலுவையை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லி முடித்துவிட்டு மறுபடி போட்டார்.

சிலுவையில் வெளிச்சம் விழுந்தது. அவர் நினைத்திருந்ததைவிட வடிவாக விழுந்தது. அடுத்த கணம் அவருடைய கண் மரத்துக்குப் போனது. ஜக்சன் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தான்.

கொழுக்கி இறுகிவிட்டிருந்தது. சுவிட்சடியில் நின்ற அஞ்சலோவை ஜக்சன் கண்ணை அரைவாசி திறந்து பார்த்தான். அணையுங்கோ அண்ணை என்று அந்தக் கண் கெஞ்சியது. அணைத்தால் யேசுவும் இருட்டில் சாகவேண்டும். அஞ்சலோ பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்க்குள் ஜக்சனின் பரம்பரையையே திட்டியபடி, சுவிட்சில் வைத்த விரலை அசைக்காமல் நின்றார்.

“எல்லாம் நிறைவேறிற்று” என்று யேசு சொன்னார். தலை சாய்ந்தது. அப்போது, யாரும் பழக்காத விதமாய், தொங்கியவன் தலையை மெல்லத் திருப்பிச் சிலுவையைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். முன்வரிசையில் ஒரு பெண் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினாள். அவள் சிலுவையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்ததும் அஞ்சலோ ஜக்சனைப் பிடித்துக்கொண்டார்.

“கொழுக்கி இறுகீட்டுது அண்ணை. நான் என்ன செய்யிறது?”

“தொங்கினது சரி. செத்தவன் என்னத்துக்கடா திரும்பிப் பாத்தனி?”

ஜக்சன் பட்டி இறுகிய இடத்தைத் தடவிக்கொண்டான். “தெரியாது அண்ணை. அவ்வளவு வெளிச்சத்துக்குள்ள அவரைப் பாக்காமல் இருக்க ஏலாமல் போச்சுது.”

பாதர் அந்தப் பக்கம் வந்தார். “அஞ்சலோ, வாற வருசமும் அப்பிடியே விடுவம்.”

“பாதர், செத்தவன் தலையைத் திருப்பினவன்!”

“ஓம். நானும் கண்டனான்,” என்றுவிட்டுப் பாதர் போய்விட்டார்.

றோஸ் ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினார். மறுமுனையில் பேணாட் சொன்னார்: “மச்சான், அந்த மண்டபத்தில இன்னும் ரெண்டு கிடக்குதாம். அனுப்பினால் ரெண்டு சோடி ஆகும். சிலுவைக்குத் தனியா, யூதாஸுக்குத் தனியாப் போடலாம். நீ கேட்ட மாதிரி.”

அஞ்சலோ மேடையைப் பார்த்தார். சிலுவையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் பட்டி இன்னும் தொங்கியது.

“மச்சான், கேக்குதோ?”

“கேக்குது. வேண்டாம். ரெண்டு காணும்.” ஃபோனை றோஸிடம் கொடுத்துவிட்டு, வயரைக் கண்டபடி சுருட்டிக்கொண்டிருந்த ஜக்சனை நோக்கிக் கத்திக்கொண்டே நடந்தார்.