மூன்றாவது பாலத்துக் கோயில்

பாங்காக்கில் அந்தக் கால்வாயின் மேல் ஐந்து பாலங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. மேலே காரில் போகிறவனுக்குக் கீழே தண்ணீர் இருப்பதே தெரியாது. படகுக்காரர்களுக்கோ அந்த இடத்தில் வானமே கிடையாது. கூரையைக் கயிறிழுத்து இறக்கினால்தான் படகு பாலத்துக்கடியில் நுழையும். டிக்கெட் கொடுப்பவர்கள் தலையில் ஹெல்மெட்டும் ஒரு கையில் கயிறுமாகப் படகின் வெளி விளிம்பில் நடப்பார்கள். பாலம் வந்தால் குனிவார்கள். அம்பாய் இருபத்திரண்டு வருடமாகக் குனிகிறாள். இந்தப் பக்க விளிம்பில் அவள், அந்தப் பக்கத்தில் தங்கை நுவான்.

முதல் பாலத்துக்கு வெகு முன்னால், கரையில், கால்வாயம்மாவின் குட்டிக் கோயில் இருந்தது. எந்தக் காலத்திலோ அங்கே மூழ்கிச் செத்தவள். அவ்விடம் வந்ததும் படகே கண்ணை மூடிக் கும்பிடும். அக்காவும் தங்கையும் கயிற்றை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் கூப்புவார்கள். ஒற்றைக் கையால் கும்பிடுவதும் ஒரு கும்பிடா?

ஐந்து போதாதென்று ஆறாவது பாலத்துக்கு வேலை தொடங்கியது. தூண் நடுவதற்காகக் கோயில் நகர வேண்டும். எங்கே வைக்கலாம் என்று மேஸ்திரி படகுக்காரர்களைக் கேட்டபோது, அம்பாய்தான் மூன்றாவது பாலத்துத் தூணடியைக் கை காட்டினாள். மழை நனைக்காது, படகிலிருந்தே பூ வைக்கலாம். நல்லதைத்தான் நினைத்தாள். ஐந்தில் அதுதான் ரொம்பத் தாழ்ந்த பாலம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கோயில் அங்கே மாறிய பதினோராம் நாள், மழையில் தண்ணீர் ஏறியிருந்தது. குனிய வேண்டிய இடத்தில் நுவான் கண்ணை மூடிக் கும்பிட்டாள். உத்தரம் கழுத்தில் அடித்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வயது முப்பத்தெட்டு.

அம்பாயை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கால்வாயம்மா துணைக்கு ஆள் எடுத்துக்கொண்டாள் என்று ஊரே பேசி முடித்துவிட்டது. நுவானின் போட்டோவைக் கோயிலுக்குள்ளே வைத்து, பட்டுத்துணி சார்த்தி, அந்த ஊர் வழக்கப்படி சிவப்பு சோடா படைத்தார்கள். முப்பத்தெட்டாம் எண்ணுக்கு லாட்டரியும் விழுந்தது. பிறகு கேட்கவா வேண்டும்? கும்பிடாதவனும் கும்பிட்டான்.

நுவானின் இடத்துக்கு பூன்சோங் என்பவன் வந்தான். ஒருநாள் அதே தூணடியில் அவன் கைகள் மேலே போவதை அம்பாய் பார்த்துவிட்டாள்.

"கைய எறக்குடா! குனி!"

மயிரிழையில் தப்பினான். பாலம் தாண்டியதும் முறைத்தான். "சாமி கும்பிட்டா குத்தமாக்கா?"

"கும்பிட்டவ எங்க இருக்கான்னு தெரியுமில்ல? போட்டோல இருக்கா. உனக்கும் ஒரு ஃபிரேம் போடச் சொல்லவா?"

அன்றே மேஸ்திரியிடம் போய்க் கோயிலை மாற்றச் சொன்னாள்.

"ஆள விடும்மா," என்றான் அவன். "முன்னாடி ஒருத்தி. இப்ப ரெண்டு பேரு. எவன் தொடுவான்? அவங்களா கேட்டா வேற பேச்சு."

மறுநாள் காலை, படகுத்துறையில் எல்லோரும் நிற்கும்போது அம்பாய் உரக்கச் சொன்னாள்: "நேத்து கனவுல நுவான் வந்தா. பாலத்துக்கடியில இருட்டா இருக்காம், மூச்சு முட்டுதாம். துறைக்குப் பக்கத்துலயே வைக்கச் சொல்றா."

நுவான் வரவில்லை. செத்த நாளிலிருந்து ஒரு கனவிலும் வந்ததில்லை. அம்பாய்க்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வலி. தங்கைக்குத் தன்மேல் கோபம் என்றே நினைத்திருந்தாள்.

நான்கே நாளில் கோயில் துறைக்கு வந்துவிட்டது. படகு கட்டி நிற்கிற இடம்; எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கும்பிடலாம். பூஜை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நுவானின் புருஷன் தவீ தயங்கித் தயங்கி வந்தான். இளைத்துப்போன தோளில் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"அக்கா, கனவுல... என்னைப் பத்தி ஏதும் கேட்டாளா?"

இல்லை என்று சொல்லலாம். இவனிடம் எப்படிச் சொல்வது?

"கேட்டாடா. ஒழுங்கா சாப்புடுறியான்னு கேட்டா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட மட்டும் ஏன்க்கா வர மாட்டேங்குறா? அன்னிக்குக் காலையில அவகூட சண்ட போட்டேன். வாசல் வரைக்கும் வந்துகூட அனுப்பல. மறுபடி வந்தா, நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்றியா?"

"சொல்றேன்," என்றாள் அம்பாய்.

அவளுக்கும் நுவானிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது.