சனிக்கிழமை மூக்குகள்

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த வீட்டில் மெதுவாகப் பேசிப் பேசி எனக்குக் குரல் தாழ்ந்துவிட்டது, தள்ளி இருந்தால் காதில் விழாது. ஒயின் ருசி பார்க்கிற வீட்டில் வேலை என்றால் பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுப்பது என்று நினைப்பீர்கள். அது இல்லை. வாசனை வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பிறத்தியார் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் தட்டு தூக்கினவர்களுக்கும் நான் பாதி சொல்லும்போதே மீதி புரிந்துவிடும்.

நான் மராத்திக்காரர் ஊரான கட்கியில் பிறந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஹிந்தி, மராத்தி, கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாம் காதால் படித்தது. நான் வேலை செய்யும் பங்களா கேம்ப் என்கிற பட்டாளத்து ஏரியாப் பக்கம், வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் கட்டினது. மேலே மங்களூர் ஓடு, கீழே கல் தரை, யானை நுழைகிற மாதிரிக் கதவு. பின்னால் ஃபிரோஸா மேடத்தின் மாமனார் வாங்கினார். மேடம் பார்சிக்காரர், வயசானவர், தனி ஆள். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆறு பேர் வருவார்கள், மிஞ்சினால் எட்டு. நாசிக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பாட்டில் வரும். மேடம் கிளாசில் மூக்கை வைத்து, இதில் கொய்யா இருக்கிறது, இதில் மிளகு இருக்கிறது என்பார். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கிளாசில் மூக்கை விட்டுக் கொய்யாவைத் தேடுவார்கள்.

வந்தவர்கள் கொடுக்கிற அந்தச் சனிக்கிழமை வரும்படியில்தான் கூரைக்கு ஓடு மாற்றுவோம். அது நின்றால் பில்டரைக் கூட்டிக்கொண்டு வர மேடத்தின் அண்ணன் மகன் தயாராக இருந்தார். வீடு போனால் மேடம் எங்கே போவார், நான் எங்கே போவேன். அந்த வீடு தூணில் நிற்கவில்லை, மேடத்தின் மூக்கில் நின்றது. மேடம் பேசுகிறது ஹிந்தி, உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

மல்லிகை மாட்டிய மரம்

முதல் சனிக்கிழமை தலைக்குக் குளித்து, ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். புது வேலை, நல்லபடியாக இருக்கட்டும் என்று. வராந்தாப் படியில் கால் வைக்கவில்லை, உள் அறையிலிருந்து குரல் வந்தது. "யார் வீட்டுக் கல்யாணம்?" பூவைக் கழற்றி வாசல் கொய்யா மரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கே சட்டம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பூ கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, ஊதுவத்தி கூடாது, பினாயில் வெள்ளிக்கிழமையோடு சரி, பெருங்காயம் தாளிக்கிற பேச்சே இல்லை. பட்டுப் புடவையில் பாச்சை உருண்டை வாசனையோடு வந்த ஒரு அம்மாவை ஜன்னலோரம் காற்று பார்த்து உட்கார வைத்தார். கெட்டுப்போன பாட்டில் ஏதாவது வந்தால் நாலு அடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். அதைக் கொய்யா மரத்து வேரில் கொட்டுவது என் பொறுப்பு.

ஐஸ், ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் காதர் பாய் கடையிலிருந்து வரும். கீழக்கரைப் பக்கத்து மனிதர், ஒயினை விரலால்கூடத் தொட மாட்டார், ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. அத்தர் போட்டுக்கொண்டு வருவதால் அவருக்குக் கேட்டைத் தாண்ட அனுமதி கிடையாது. கேட்டுக்கு மேலே ஐஸ் வாளியை நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் அத்தரை விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். "லக்ஷ்மி, அது நேற்று வாங்கின சோப்பு இல்லை, பழைய கட்டி" என்றார் மேடம் உள்ளே இருந்தபடியே. காதர் பாய் வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த மூக்கைக் கொண்டுபோய் கட்கி ஃபேக்டரி வாசல்ல உட்கார வச்சா, மருந்து ஒரு சிட்டிகை வெளிய போகாதுக்கா."

துப்புகிறவர்கள்

மேஜை நடுவில் ஒரு பித்தளைக் குவளை இருக்கும். ஒயினை வாயில் வைத்துச் சுழற்றி, அதில் துப்ப வேண்டும். போதை ஏறினால் நாக்கு மழுங்கிவிடுமாம். அந்தக் குவளையை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பதும் நான்தான். முதல் மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழுவினேன். ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பஸ்ஸில் அழுதிருக்கிறேன். அதை எப்படியோ மேடம் தெரிந்துகொண்டார். அடுத்த வாரத்திலிருந்து தன் எச்சிலைத் தானே கொண்டுபோய்க் கொட்டினார். வீட்டுக்காரரே எழுந்து போனால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ருசி பார்க்க வருகிற கர்னல் ஒருத்தரும் டாக்டர் ஒருத்தரும்கூடக் குழாயடியில் வரிசையில் நின்றார்கள். நன்றி என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

எங்கள் லைனில் பக்கத்து வீட்டு மேரி விடமாட்டாள். "அங்க இன்னாதான்கா பண்றாங்க?" என்றாள். மோந்து பார்ப்பார்கள், வாயில் வைப்பார்கள், துப்பிவிடுவார்கள், அதற்குக் காசும் கொடுப்பார்கள் என்றேன். அவள் உடனே சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரை இட்டுக்கினு போக்கா. ஒரு சொட்டு துப்ப மாட்டாரு, உனுக்கும் கழுவுற வேலை மிச்சம்."

தூக்கிக் குடித்தவர்

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த புருஷன் பெண்டாட்டி ஒரு சனிக்கிழமை வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை. தமிழ் பேசினார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் தனிக் கண். எல்லாரும் கிளாசை மூக்குக்குக் கொண்டுபோனபோது இவர் அண்ணாந்து, கிளாசை நெற்றிக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றினார். அது என்ன சொம்பா, கோடு பிடித்த மாதிரி விழ? அகல வாய்க் கிளாஸ். மூக்கு, மோவாய், சட்டை எல்லாம் சிவப்பு. மேஜையே திகைத்துப் போனது. மேடம் மட்டும் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி, "சட்டையில் தடவுங்கள், கறை போகும். மூக்கால் குடிக்கலாம் என்று சொன்னேன், நீங்கள் நிஜமாகவே குடித்துவிட்டீர்கள்" என்றார். வெள்ளைச் சட்டைக்காரரே முதலில் சிரித்துவிட்டார்.

நான் துண்டு கொண்டுபோனேன். "எச்சில் பண்ணாமக் குடிச்சா கழுவுற உங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்னு பார்த்தேங்க்கா" என்றார் என்னிடம். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பெண்டாட்டி சட்டையில் உப்புத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"வீட்ல ஒரு டம்ளர் கழுவினதில்ல. நம்பாதீங்கக்கா."

மீன் பெட்டி ஐஸ்

ஊர் முழுக்க வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு திரிந்தோமே, அந்தக் காய்ச்சல் மேடத்துக்கும் வந்தது. பிழைத்து எழுந்துவிட்டார். வேலை இல்லாத அத்தனை மாதமும் என் சம்பளம் நிற்கவில்லை. மறுபடி சனிக்கிழமை தொடங்கின அன்று காதர் பாயின் வாளி ஓட்டை. பக்கத்து மீன்கடையில் ஒரு தெர்மகோல் பெட்டி கேட்டு வாங்கி அதில் ஐஸ் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தேன், பொம்பில் மீன் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. "இன்னா பாய், உன்னை உரிச்சுத் தொங்கவிடப் போறாங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மேடமே வாசலுக்கு வந்துவிட்டார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "நல்ல ஐஸ். கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார்.

நானும் பாயும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மேடம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அப்படியே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். "எவ்வளவு மோசம்?" "மீன் மார்க்கெட்டே இங்கதான் இருக்குது மேடம்" என்றேன். காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது என்றார். காப்பி இல்லை, சோப்பு இல்லை, மழை இல்லை. புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரிகிறது, அதோடு சரி. மூக்கு திரும்பி வரலாம் என்கிறார் காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர், வராமலும் போகலாம் என்கிறார். வெளியே தெரிந்தால் சனிக்கிழமை முடிந்தது. காதர் பாய் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தக் கேட்டுக்குள்ள நடந்தது கேட்டைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டு வேறு ஐஸுக்கு ஓடினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மேடம் கொய்யா மரத்தைக் காட்டிச் சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துக்கொண்டு வா லக்ஷ்மி. வாசனை வராவிட்டால் என்ன, பார்க்கிறேன்."

பரீட்சையும் அரட்டையும்

அதற்குப் பிறகு பாடம் மாறிவிட்டது. "நான் எதுவும் சொல்ல மாட்டேன். மூக்கை வையுங்கள், என்ன ஞாபகம் வருகிறதோ சொல்லுங்கள்" என்பார். முதலில் எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். கடக்வாஸ்லா ராணுவப் பள்ளியில் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற அந்தக் கர்னல் கனைத்துக்கொண்டு, "புது பூட்ஸ், முதல் நாள்" என்றார். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, "ஸ்கூல் பையில மறந்துட்ட வாழைப்பழம், லீவு முடிஞ்சு திறந்தா வருமே, அது" என்றாள். ஏரவாடாவில் கிளினிக் வைத்திருக்கும் பெரிய உடம்புக்கார டாக்டர் கிளாசை இரண்டு தரம் மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு, அப்பா ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போகும்போது அவர் சட்டையில் வந்த வாசனை என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். மேடம் ஒவ்வொருத்தருக்கும் "ஆமாம், இருக்கிறது" என்று தலையாட்டினார்.

அவர் கிளாசைப் பார்க்கவே இல்லை என்பது பின்னால் தட்டோடு நின்ற எனக்குத்தான் தெரியும். முகத்தைப் பார்த்தார். புருவம், உதடு, தொண்டை என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். வந்தவர்கள் மறுபடி வந்தார்கள், கூட ஆள் கூட்டிக்கொண்டும் வந்தார்கள். டாக்டர் செருப்பு மாட்டும்போது, மராத்தியில் சித்தி என்று கூப்பிட்டு என்னிடம் கேட்டார்:

"மாவ்ஷி, முன்னெல்லாம் பரீட்சை எழுதிட்டுப் போற மாதிரி இருக்கும். இப்ப வீட்டுக்குப் போகவே மனசு வரலை. மேடம் என்ன பண்ணினாங்க?"

முதல் வாய்

நல்லது பேசினால் அதுவும் ஊர் சுற்றும் இல்லையா? 'மேடம் இப்போது எதுவும் சொல்வதில்லை' என்ற பேச்சு நாசிக் வரைக்கும் போய்விட்டது. பாட்டில் கொடுக்கிற தோட்டத்துக்காரர் ஒரு சனிக்கிழமை தானே வந்து மேஜையில் உட்கார்ந்தார். மூன்று பாட்டில் எடுத்து வைத்தார். "இன்றைக்கு நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும் மேடம், பழையபடி. மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கிளாஸ் தட்டோடு பின்னால் நகர்ந்தேன். சமையலறைக் கதவோரம் காதர் பாய். அத்தர் சட்டமெல்லாம் போய், அவர் உள்ளே வர ஆரம்பித்திருந்தார். "அக்கா, தட்டைக் கீழ போட்டுடுங்க. கூட்டம் கலைஞ்சிரும்" என்று கிசுகிசுத்தார். "கிளாசு உங்க மாமியார் வூட்லேர்ந்தா வருது? சும்மா நில்லு பாய்" என்றேன்.

மேடம் நிதானமாக நாப்கினை விரித்தார். "சொல்கிறேன். ஆனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம். பாட்டில் கொண்டுவந்தவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். என் மாமனார் காலத்திலிருந்து." இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. தோட்டத்துக்காரர் முதல் பாட்டிலைக் கண்ணை மூடி ரசித்துக் குடித்தார். மேடம் ஒரு வாய் வைத்து, "புளிப்பு முந்திக்கொண்டு வருகிறது, துவர்ப்பு நாக்கு ஓரத்தில் நிற்கிறது. இளசு, இன்னும் ஒரு மழை போகட்டும்" என்றார். அவர் தலையாட்டினார். இரண்டாவதையும் அவர் குடித்தார், இவர் சொன்னார், சரியாக இருந்தது. மூன்றாவதை அவர் மூக்குக்குக் கொண்டுபோனார், உதட்டில் வைத்தார், கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். தொண்டை அசையவில்லை, மேடத்தின் கண் அங்கேதான் இருந்தது.

மேடம் தன் கிளாசை எடுத்தார். அந்தக் காலத்து மாதிரியே மூக்கை உள்ளே விட்டு, நீளமாக இழுத்தார். கிளாசைக் கீழே வைத்து அதன்மேல் ஒரு தட்டை மூடினார். "இதை யாரும் தொட வேண்டாம். தக்கை கெட்டிருக்கிறது. ஈரச் சாக்கு வாசனை." தோட்டத்துக்காரர் எழுந்து நின்று கை குவித்தார், வேண்டுமென்றுதான் கொண்டுவந்தேன், மன்னித்துவிடுங்கள் என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் கேட் வரைக்கும் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். தோட்டத்துக்காரர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாவ்ஷி, ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். இந்த மூக்கு இருக்கிறவரைக்கும் என் பாட்டில் இந்த வீட்டுக்குத்தான் வரும்."

மீதி பாட்டில்

எல்லாரும் போன பிறகும் வெயில் இருந்தது. கெட்ட பாட்டிலை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்துக்குக் கிளம்பினேன். "எங்கே போகிறாய்?" "கொட்டப் போறேன் மேடம். ஈரச் சாக்கு நாத்தம்." "யாருக்கு?" என்று கையை நீட்டினார். பாட்டிலை வாங்கி, கிளாஸ் ததும்ப ஊற்றிக்கொண்டு வராந்தாவில் முக்காலிமேல் காலைப் போட்டு உட்கார்ந்தார். காதர் பாய் ஐஸ் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்ன ஒரே வீடு அதுதான். "உங்க மாமனார் நெஜமாவே அப்படி ஒரு வழக்கம் வச்சிருந்தாரா?" என்றேன்.

மேடம் ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், கிளாசை வெயிலுக்கு நேராகப் பிடித்து நிறம் பார்த்தார்.

"மாமனாரா? டீ தவிர எதையும் தொட்டதில்லை. நல்ல பாட்டிலையெல்லாம் வருகிறவர்களுக்கு எடுத்து வை லக்ஷ்மி, எனக்கு இது போதும்."

மேடத்துக்கு மூக்கு இருந்தவரை கெட்ட ஒயினெல்லாம் அந்தக் கொய்யா மரத்துக்குத்தான் போனது, மூக்கு போன பிறகு பாவம், மரத்துக்குத்தான் கொடுப்பினை இல்லை.