சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ்

அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் பத்துமணி. எலக்ட்ரீஷியன் வேலையில் கெட்டிக்காரர், தேவையில்லாமல் சுவரைக் குடையாதவர். ஆனால் காலை பத்து மணிக்கு முன்னால் ஏணியில் கால் வைக்க மாட்டார். வீடே இருட்டில் கிடந்தாலும், கடைக்காரர் வாசலில் வந்து நின்று கெஞ்சினாலும், "கரண்டுக்கே இப்பதான் முழிப்பு வருது, நான் போய் என்ன பண்றது?" என்று சிரிக்க வைத்தே அனுப்பிவிடுவார். சோம்பேறி என்றார்கள் சிலர், திமிர் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரும் மறுத்துப் பேசியதில்லை. அந்தப் பட்டம் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஏனென்றால், தூங்கி எழுந்ததும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அவருடைய கைகளை அவராலேயே நம்ப முடியாது. தோளிலிருந்து விரல்வரை திடீரென்று ஒரு வெட்டு வெட்டும். கண் இமைக்கும் நேரம்தான், கையில் இருப்பது பறந்துவிடும். அதனால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் டீ குடிப்பார். அப்படியும் சிந்தினால், "கரண்ட் அடிச்சிருச்சு" என்பார். வீட்டில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பது வயதில், தொழில் பழகிய காலத்தில், ஒரு கட்டடத்தில் விடிய விடிய வயர் இழுத்துவிட்டு, காலையில் ஏணிமேல் நின்றவர் அப்படியே விறைத்துக் கீழே விழுந்தார். கைகால் அடித்துக்கொண்டது, நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓடி வந்த மேஸ்திரி, "பையனுக்கு ஷாக் அடிச்சிருச்சு" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதையே சொல்லிச் சிரித்தாள்: "இவருக்கு அன்னிக்கு ஏறின கரண்ட் இன்னும் எறங்கலை."

அவருக்கு மட்டும் தெரியும், அன்று அவர் தொட்ட லைனில் கரண்டே இல்லை. வேலை தொடங்கும் முன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவருடைய பழக்கம். வேறு யாரும் தெரியாமல் திருப்பிப் போட்டுவிடக் கூடாதே. அன்றும் பிடுங்கியிருந்தார். கண் விழித்தபோது சட்டைப் பையைத் தடவினார், ஃபியூஸின் பீங்கான் கட்டை பத்திரமாக இருந்தது. உயிரில்லாத வயரில் ஷாக் அடிக்காது என்பது தொழிலில் முதல் நாள் பாடம். ஆனால் வாயைத் திறந்தால் ஏணியை மறந்துவிட வேண்டியதுதான். வலிப்புக்காரனை எந்த மேஸ்திரி மேலே ஏற்றுவார்? வாயை மூடிக்கொண்டார். பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. பொய்க்கு இருபத்தைந்து வயது ஆனபோது அதைப் பொய் என்று நினைப்பதையே விட்டுவிட்டார்.

மகளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை அவள் கையிலிருந்த டூத்பிரஷ் பறந்து போய்க் கண்ணாடியில் அடித்தது. "அப்பா, எனக்கும் கரண்ட் அடிக்குதுப்பா" என்று அவள் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அவரும் சிரித்தார், ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மறு வாரம் சீப்பு பறந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு பீங்கான் தட்டு. அந்த மாதக் கடைசியில், கண் விழித்துப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள், முதல் பாடவேளையிலேயே பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்துவிட்டாள்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். இரண்டாவது டாக்டர் பேர்பெற்றவர், வாசலில் கூட்டம் தெருவரை நிற்கும். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு மகள் தனக்குத் தெரிந்த வார்த்தையைச் சொன்னாள்: "கையில கரண்ட் அடிக்குது டாக்டர்." கரண்ட் அடிப்பது மாதிரி என்றால் டாக்டர்களுக்கு அது நரம்புக் கோளாறு. கழுத்தில் நரம்பு அழுந்துகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று ஒரு வரி கேட்டார். மனைவி, "அதெல்லாம் எங்க ரெண்டு பக்கமும் கிடையாது" என்றாள். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்கேன் சுத்தமாக இருந்தது. பிறகு நரம்பு டெஸ்ட். அதில் கையில் பட்டைகளை ஒட்டிச் சின்னச் சின்னதாக நிஜமான கரண்டே கொடுத்தார்கள். முடித்து வெளியே வந்த மகள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு வர்றது இது மாதிரி இல்லப்பா. இது சுரீர்னு இருக்கு. அது கையைத் தானா தூக்கிப் போடுது. டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

சொல்லணும். அந்த இடத்திலேயே கதவைத் திறந்து உள்ளே போயிருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? "சரி, வா, பஸ் வந்துரும்" என்றார்.

நரம்புக்கென்று கொடுத்த மாத்திரையைப் போட்ட பிறகு வெட்டு கூடித்தான் போனது. மறுபடி ஒருநாள் விழுந்தாள், உதடு கிழிந்து தையல் போட்டார்கள். தலையில் வயர் ஒட்டி எடுக்கும் டெஸ்டையும் ஒரு மதியம், அவள் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. எல்லாமே சரியாக இருந்தால் ஊர் என்ன சொல்லும்? பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். மனைவியின் தங்கையும் ஜாடைமாடையாக அதையே சொன்னாள். கடைசியில் அவர் மனைவியே ஒருநாள் உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டு, "கொஞ்சம் மனசு வச்சா நிறுத்த முடியாதாடி?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக உள்ளே போய் அழுதாள்.

அன்று சாயங்காலம் அவர் மொட்டை மாடியில் பழைய ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் நெஜமாவே நடிக்கிறேனோ?"

"என்னம்மா பேச்சு இது?"

"எனக்கே தெரியாம நடிக்கிறேனோன்னு. எல்லாரும் சொல்றாங்களே."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது குறுகுறுக்கவில்லை, கல்லை வைத்ததுபோல் கனத்தது. அவர் போர்டின் அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினார். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, பக்கத்தில் ஒருத்தி பசியோடு உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது டாக்டர் ஒரு அம்மா. சின்ன அறை, ஆடும் நாற்காலி, மேசைமேல் கடித்த பென்சில்கள். கொண்டுபோன ஸ்கேன் கவர்களை அவர் பிரிக்கவே இல்லை, பழைய டாக்டர்களின் சீட்டுகளை மட்டும் புரட்டினார். மகளைப் பார்த்து, "கரண்ட் அடிக்குதுன்னு எல்லாச் சீட்டுலயும் எழுதியிருக்கு. அது எப்படி இருக்கும்? செஞ்சு காட்டு" என்றார்.

மகள் தயங்கி, மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள். தோளை ஒரு வெட்டு வெட்டிக் கையை உதறினாள். பென்சில் சுவரில் போய் விழுந்தது. டாக்டர் அதைக் குனிந்து எடுத்தார். எப்போது வரும் என்று கேட்டார். காலையில் என்றாள் மகள், தூக்கம் கெட்டால் அதிகம். டாக்டரின் முகம் மாறியது. "இதை யாரு கரண்ட்னு சொல்லிக் கொடுத்தது உனக்கு?"

"வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம். அப்பாவுக்கும் அடிக்கும். ஆனா அவருக்கு உண்மையான ஷாக் அடிச்சதால வந்தது."

மனைவி உற்சாகமாக அந்தக் கதையை எடுத்துவிட்டாள். ஏணி, மேஸ்திரி, ஏறின கரண்ட் இறங்காதது, ஒன்று விடாமல். டாக்டர் சிரிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பிக் கேட்டார்: "பெரிய ஷாக்கா?"

ஆமாம் என்று இன்னொரு முறை தலையாட்டினால் போதும். பழகிய தலைதான். மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிழிந்து தைத்த உதட்டோடு.

"ஷாக் இல்லீங்க" என்றார். "அன்னிக்கு லைன்லயே கரண்ட் கிடையாது. ஃபியூஸ் என் சட்டைப் பையில இருந்துச்சு."

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போதும் உண்டா? உண்டு. எப்போது? எழுந்ததிலிருந்து பத்து மணிவரைக்கும். அதைச் சொன்னதும் மனைவி மெல்லத் திரும்பினாள். அவள் கேட்டது டாக்டர் கேட்டதைவிடக் கடினமாக இருந்தது.

"அதனாலதான் இவ கைக்குழந்தையா இருந்தப்ப காலையில தூக்கவே மாட்டீங்களா?"

"ஆமா."

"நான் எவ்வளவு திட்டியிருக்கேன் உங்களை. பெத்த பிள்ளை மேல பாசம் இல்லாத மனுஷன்னு" என்றாள். அது மன்னிப்பா, கோபமா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது.

டாக்டர் விளக்கினார். இது வலிப்பில் ஒரு வகை. இந்த வயதில் தொடங்கும், விடிகாலையில் வெட்டும், தூக்கம் கெட்டால் விழத் தள்ளும். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். பெரும்பாலானவர்களுக்குச் சரியான மாத்திரையில் அடங்கிவிடும். நரம்புக்கென்று கொடுத்த பழைய மாத்திரை சிலருக்கு வெட்டைக் கூட்டும் என்பதால் அதை மாற்றி எழுதினார். முதல் நாள் தூக்கம் குறைத்து, காலை ஏழு மணிக்கு அந்தத் தலை டெஸ்டை மறுபடி எடுக்கச் சொன்னார். அப்பாவும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவரை ஏணி கூடாது என்றார். சரி என்றார் அவர். ஏணி கூடாது: இருபத்தைந்து வருடம் பயந்த வார்த்தை, கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது.

மகள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப நான் நடிக்கலையே டாக்டர்?"

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

பஸ் நிறுத்தத்தில் மனைவி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மகள் அவர் பக்கத்திலேயே நின்றாள். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எட்டு மாசம்பா. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நீங்களும் கூடவே நின்னு பார்த்துட்டுதான் இருந்தீங்க."

பஸ் வந்தது. இருவரையும் ஏறவிட்டு அவர் கடைசியாக ஏறினார்.

அந்த வாரமே காலை டெஸ்டில் இருவருக்கும் ஒரே மாதிரிக் கோடுகள் விழுந்தன. மகளுக்கு மாத்திரை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அவருக்குப் பிடிக்க இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். அப்படியிருக்க ஒருநாள் காலை, இரண்டு கையாலும் பிடித்திருந்தும் அவர் டம்ளர் பறந்து, டீ சமையலறைத் தரையெல்லாம் ஓடியது. "கரண்ட்" என்று வாய்வரை வந்துவிட்டது. மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் அவர் வாயையே பார்த்தாள்.

"வலிப்பும்மா" என்றார். "எனக்கு வலிப்பு."

மகள் உள்ளே போய்த் துணியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே தொடைங்க" என்றாள். அவர் மண்டியிட்டு, மூலைவரை போயிருந்ததையும் சேர்த்துத் துடைத்தார்.